அறிவியல் புனைகதைப் பக்கமே வராதவருக்கு முதலில் எந்த நாவலைக் கொடுப்பது?

மழைக்கால வாசகி

அக்காவுக்காகக் கேட்கிறேன். நன்றாக வாசிப்பவள், என்னைவிட அதிகமாகவே. குடும்பக் கதை, சரித்திர நாவல், பயண நூல் எது கையில் கிடைத்தாலும் முடிக்காமல் வைக்கமாட்டாள். அறிவியல் புனைகதை என்றால் மட்டும் ஒதுங்கிவிடுவாள். பல நாள் நச்சரித்து, போன மாதம் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கொடுத்தேன். பதினைந்து வயதில் நான் படித்தது, எனக்கு உயிரான புத்தகம். பாதி தாண்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “எல்லாரும் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தர் முகம் மனசில் பதிவதற்குள் ஐம்பது வருஷம் ஓடிப்போய் வேறு ஆள் வந்துவிடுகிறார்” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை, அவள் சொன்னது அப்படியே உண்மை.

பெரிய பட்டியல் வேண்டாம். ஒன்றிரண்டு போதும், ஆனால் ஏன் அந்தப் புத்தகம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படிப்பதில் அவளுக்குச் சிரமம் இல்லை.

தூரத்து ஒளி

உங்கள் அக்கா சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார். ‘ஃபவுண்டேஷன்’ நாவலாக எழுதப்பட்டதே இல்லை. 1942 முதல் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்தவற்றைச் சேர்த்து, முன்னால் புதிதாக ஒரு பகுதி எழுதி, 1951ல் புத்தகமாக்கினார்கள். அதனால்தான் ஒவ்வொரு பகுதியிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதன் நாயகன் ஒரு யோசனை: கோடிக்கணக்கான மனிதர்களின் மொத்தப் போக்கைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம், தனி மனிதனைச் சொல்ல முடியாது என்பது. பதினைந்து வயதில் அந்த யோசனை ஒன்றே நமக்குப் போதுமாக இருந்தது. மனிதர்களுக்காக நாவல் படிக்கிறவருக்கு அது போதாது.

நாம் அடிக்கடி செய்யும் தப்பு இது என்று நினைக்கிறேன். நமக்கு எது முதலில் பிடித்ததோ அதையே அடுத்தவருக்கும் முதலில் கொடுக்கிறோம், அவர் இதுவரை எதற்காகப் புத்தகம் படித்தார் என்று கேட்பதே இல்லை. அக்கா கடைசியாக விழுந்து விழுந்து படித்த இரண்டு மூன்று புத்தகங்களில் அவருக்கு என்ன பிடித்தது? புத்தகப் பெயர்கூட வேண்டாம், என்ன பிடித்தது என்று மட்டும் சொல்லுங்கள், அதை வைத்துப் பார்ப்போம்.

மழைக்கால வாசகி

அவளிடமே கேட்டுவிட்டேன். ஒத்துப்போகாத இரண்டு பேர் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம். அப்புறம் கடிதம், நாட்குறிப்பு வடிவத்தில் எழுதிய கதைகள். நீளமான சண்டைக் காட்சி வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவாள். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் கொஞ்சம் இருக்கலாம், அதுவே கதையாக இருக்கக்கூடாது. சோகமான முடிவு பற்றிப் பயமில்லை.

பக்கம் புரட்டி

சொன்ன முதல் வரிக்கே ஒரு புத்தகம் எழுந்து நிற்கிறது. உர்சுலா கே. லெ குவின் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’, 1969. ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கிய நாவல், ஆனால் நான் சொல்வது விருதுக்காக இல்லை. எந்நேரமும் பனியும் குளிருமாக இருக்கும் ஒரு கிரகத்துக்கு ஒரே ஒரு தூதன் தனியாகப் போகிறான். அங்கே இருப்பவர்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை; மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள், எதுவாக மாறுவோம் என்று அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. அவனுக்கு அங்கே ஒரு பிரமுகரைப் பிடிக்கவே பிடிக்காது, நம்பவும் மாட்டான். பின்பாதியில் அதே பிரமுகரோடு ஒரு பனிச்சறுக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு உறைபனிப் பரப்பைக் கடக்க வேண்டியதாகிறது.

அந்தப் பயணத்தில் ஒரு நாள் வருகிறது, எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில் என் கண் மெதுவாகிவிடும். பகல்தான், ஆனால் சூரியனே தெரியாமல் வானமும் தரையும் ஒரே வெள்ளை. இருட்டு கிடையாது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எதற்கும் நிழலே விழுவதில்லை. நிழல் இல்லாததால் எது மேடு, எது பள்ளம், எங்கே பிளவு என்று எதுவும் தெரியாது, காலை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்த இரண்டு பேர், வெளிச்சத்தின் நடுவே, அடி அடியாகத் தடவிக்கொண்டு போவார்கள். புத்தகத்தின் தலைப்பில் ஏன் இருட்டு இருக்கிறது என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

அக்காவுக்கு நாட்குறிப்பும் பிடிக்கும் என்றீர்களே, இந்தப் பயணத்தைத் தூதன் சொல்வதும் அந்தப் பிரமுகரின் நாட்குறிப்பும் மாறி மாறி வரும். ஒரே கூடாரத்துக்குள் இருந்த இரண்டு பேர் ஒரே இரவை எப்படி வேறு வேறாகப் பார்த்தார்கள் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை: முதல் சில அத்தியாயங்கள் அரசியல், சடங்கு, நடுநடுவே அந்த ஊர்ப் பழங்கதைகள் என்று மெதுவாகத்தான் போகும். இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

வெண்பலகை

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்த நாவலில் ஆங்கிலத்தில் எல்லாரையும் ‘ஹீ’ என்றே எழுதியிருப்பார், அதனால் படிக்கப் படிக்க எல்லாரும் ஆண்களாகவே மனதில் வந்துவிடுகிறார்கள். இதற்காக அவர்மேல் விமர்சனம் வந்தது. இந்த நாவலைப் பற்றி எழுதிய தன் கட்டுரையைப் பின்னாளில் திருத்தி எழுதியபோது அவரே அதை ஏற்றுக்கொண்டார். இதே கிரகத்தை வைத்து எழுதிய ‘விண்டர்ஸ் கிங்’ சிறுகதையை 1975 தொகுப்பில் சேர்க்கும்போது எல்லாருக்கும் ‘ஷீ’ போட்டு மாற்றினார். நான் இரண்டாம் முறை படித்தபோது ‘ஹீ’ வரும் இடமெல்லாம் மனதுக்குள் ‘அவர்’ என்று மாற்றிக்கொண்டே படித்தேன். நம்முடைய ‘அவர்’ ஆணையும் காட்டாது பெண்ணையும் காட்டாது. புத்தகமே வேறாகிவிட்டது எனக்கு. அக்காவிடம் சொல்லிப் பாருங்கள்.

இயற்பியல் பித்தன்

லெ குவின் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் புனைகதையே பிடிக்காது என்பவருக்கு அறிவியல் குறைவான புத்தகமாகத் தேடித் தேடிக் கொடுத்தால் இந்த வகையின் தனிச் சுவை அவருக்கு எப்போதுதான் தெரியும்? ஒரு கேள்விக்குத் தன் கையால் சோதனை செய்து விடை கண்டுபிடிக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வேறு எந்த வகை நாவலும் இவ்வளவு நேராகக் கொடுப்பதில்லை. அதற்கு ஆண்டி வியர் எழுதிய ‘பிராஜெக்ட் ஹெய்ல் மேரி’ (2021) கொடுங்கள்.

முதல் காட்சி மட்டும் சொல்கிறேன், ஸ்பாய்லர் இல்லை. ஒருவன் கண் விழிக்கிறான். இரண்டும் இரண்டும் எத்தனை என்று ஒரு கணினிக் குரல் கேட்கிறது. விடை தெரிகிறது, வாய் ஒத்துழைக்கவில்லை. தன் பெயர் நினைவில்லை, எங்கே இருக்கிறோம் என்றும் தெரியாது. கொஞ்சம் நடமாட முடிந்ததும் ஒரு பொருள் கீழே விழுவதைப் பார்க்கிறான், ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. அளவுநாடா, நேரம் பார்க்கும் கருவி இரண்டையும் எடுத்து மறுபடி மறுபடி விழவைத்து அளக்கிறான். வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் கூட வேண்டிய வேகம் 15 மீட்டர் கூடுகிறது. அப்படியானால் இது பூமி இல்லை. ஒருவேளை நம்மை எதிலாவது வைத்துச் சுழற்றுகிறார்களோ என்று சந்தேகம் வர, அதையும் ஓர் ஊசல் கட்டி ஆட்டிப் பார்த்துத் தள்ளிவிடுகிறான். தன் பெயர் தெரியாத மனிதனுக்கு ஈர்ப்பு விசை தெரிகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கை வைத்தே ஒருவன் தன்னைத் தேடுகிறான்.

ஒத்துப்போகாத இரண்டு பேர் புரிந்துகொள்வது பற்றி அக்கா சொன்னாரே, அதுவும் இதில் இருக்கிறது, நான் எதிர்பார்க்கவே முடியாத விதத்தில். இதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன், பின்னட்டையைக்கூடப் படிக்காமல் தொடங்கச் சொல்லுங்கள்.

நத்தை வாசகன்

வியரை அறிவியலுக்காகப் பரிந்துரைக்கும்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ‘தி மார்ஷியன்’ நாவலில் கதையே ஒரு புழுதிப் புயலில்தான் தொடங்குகிறது, ராக்கெட் சாய்ந்துவிடும் என்று எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. எவ்வளவு வேகமாக அடித்தாலும் அந்தக் காற்றுக்கு ராக்கெட்டைத் தள்ளும் பலம் கிடையாது. அடிப்படையே தவறு என்றால் மீதிக் கணக்கு சரியாக இருந்து என்ன?

இயற்பியல் பித்தன்

உண்மைதான். அவருக்கே அது தெரியும், பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதல் அடியை இயற்கையே கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அப்படி வைத்தார். மற்றபடி அந்த நாவலை அவர் முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டபோது வாசகர்கள் கணக்குப் பிழைகளை எழுதி அனுப்ப, அவர் திருத்திக்கொண்டே போனார். நான் ஒரு நாவலுக்குள் போகும்போது ஒரு பொய்யை ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மீதியில் நேர்மையாக விளையாடுகிறாரா என்றுதான் பார்க்கிறேன். வெல்ஸின் கால இயந்திரத்தையும் அப்படித்தானே ஏற்றுக்கொண்டோம்?

நத்தை வாசகன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். என்னால் அந்தப் புயலைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ‘பிராஜெக்ட் ஹெய்ல் மேரி’யை இரண்டு நாளில் முடித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் பங்குக்கு: டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’. முதலில் 1959ல் சிறுகதையாக வந்து, 1966ல் நாவலானது. முழுக்கவே ஒருவன் எழுதும் அறிக்கைகள், நாட்குறிப்பு மாதிரி. அறிவுத்திறன் குறைவான சார்லி என்பவனுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடக்கிறது, அதே சிகிச்சை அதற்கு முன் அல்ஜெர்னான் என்ற எலிக்கு நடந்திருக்கிறது. ஆரம்ப அறிக்கைகள் முழுக்க எழுத்துப்பிழைகள். அப்புறம் ஒரு நாள் அவனுக்குக் காற்புள்ளி என்று ஒன்று இருப்பது தெரியவருகிறது, அன்றைய அறிக்கையில் சொல்லுக்குச் சொல் காற்புள்ளி போட்டு வைக்கிறான். புதிதாகக் கிடைத்த ஒன்றை எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கும் குழந்தை மாதிரி. சிகிச்சை பலித்ததா இல்லையா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்புறம் சக வேலைக்காரர்கள் இத்தனை நாள் தன்னைப் பார்த்து எதற்குச் சிரித்தார்கள் என்பது அவனுக்கு விளங்கும் இடம் வருகிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிறுகதையை முதலில் கொடுத்தபோது ஒரு பத்திரிகை ஆசிரியர் முடிவை மகிழ்ச்சியாக மாற்றச் சொன்னார், கீஸ் மறுத்துவிட்டார். நல்ல வேளை.

பழைய அலமாரி

எல்லாரும் சொல்வது சரி, ஆனால் தமிழில் படித்துப் பழகியவருக்குத் தமிழிலேயே ஒரு வாசல் இருப்பதை விட்டுவிட்டீர்களே. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. எந்திர நாய் ஜீனோவை ஒரு முறை சந்தித்தவர்கள் மறக்கமாட்டார்கள். சர்வாதிகாரம், கண்காணிப்பு எல்லாம் உள்ளே இருக்கிறது, ஆனால் படிக்கும்போது ஒரு நாயோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு. நம் மொழியில் நம் சிந்தனையிலிருந்தே ஓர் அறிவியல் கதை கிளம்ப முடியும் என்று எனக்குக் காட்டியது அது.

மழைக்கால வாசகி

ஜீனோவை அக்கா சின்ன வயதிலேயே படித்திருக்கிறாள்! அது அறிவியல் புனைகதை என்றே அவள் கணக்கில் வைக்கவில்லை, “அது ஜீனோ கதை” என்கிறாள்.

தூரத்து ஒளி

பார்த்தீர்களா, அவருக்கு இந்த வகை பிடிக்காமல் இல்லை.

‘ஃபவுண்டேஷன்’ மேல் அவர் சொன்ன குறைக்கு நேர் பதில் மாதிரி ஒரு நாவல் இருக்கிறது: ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ (2015), ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. ஒரு கிரகத்தில் சிலந்திகள் தலைமுறை தலைமுறையாக அறிவு பெற்று ஒரு நாகரிகமாகவே வளர்கின்றன. இதிலும் ஆயிரக்கணக்கான வருஷம் ஓடும், ஆட்கள் செத்துச் செத்துப் புதியவர்கள் வருவார்கள். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் போர்ஷியா, பியாங்கா, ஃபேபியன் என்று அதே பெயர்களையே கொடுத்திருப்பார். போர்ஷியா இறந்த அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு போர்ஷியா வரும்போது நமக்குப் புது ஆளாகத் தோன்றாது, பாட்டி பெயர் வைத்த பேத்தியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். சிலந்தி என்றால் உடம்பு கூசுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், மற்றபடி எட்டுக் கால் பிராணிக்காக நான் இவ்வளவு கவலைப்படுவேன் என்று எனக்குத் தெரியாது. இது இரண்டாவது புத்தகமாக இருக்கட்டும்.

பக்கம் புரட்டி

முதல் புத்தகமாகக் கொடுக்கக் கூடாதவை என்றும் சொல்லலாமா? ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ எனக்கு மிகப் பிடித்த நாவல்களில் ஒன்று, ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவர் உருவாக்கிய சொற்கள் மளமளவென்று வந்து விழும், கடைசியில் தனியாகச் சொல்லகராதி வைத்திருப்பார். அகராதியைப் புரட்டிக்கொண்டே படித்தவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், புரியாததைப் புரியாமலே விட்டுப் படித்தவர்கள் முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இதுதான்.

லியூ சிசினின் ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’ இன்னொன்று. ஆங்கிலத்தில் கலாச்சாரப் புரட்சியில் தொடங்குகிறது, ஒரு மகள் கண்ணெதிரே தந்தை அடித்துக் கொல்லப்படுகிறார். சீனப் புத்தகத்தில் அந்தப் பகுதி நடுவில் இருந்தது, மொழிபெயர்த்த கென் லியூ ஆசிரியரின் சம்மதத்தோடு முன்னால் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் அந்தப் பக்கங்கள்தான் மொத்த நாவலிலும் உயிருள்ள பக்கங்கள். அதற்கப்புறம் யோசனைகள் பிரம்மாண்டமாகப் பெருகுகின்றன, மனிதர்கள் மெலிந்துபோகிறார்கள். அக்கா மறுபடி ‘ஃபவுண்டேஷன்’ குறையையே சொல்வார்.

வெண்பலகை

‘சோலாரிஸ்’ பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்டானிஸ்வாஃப் லெம், 1961. ஒரு கிரகம் முழுக்க ஒரே கடல், அந்தக் கடலுக்கு உயிர் உண்டு போலிருக்கிறது. மேலே மிதக்கும் நிலையத்துக்கு வரும் கெல்வின், என்றோ இறந்துபோன தன் மனைவி அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். ஆரம்பத்திலேயே வருவதால் சொல்கிறேன். அவள் உடையைக் கழற்ற வேண்டியிருக்கும்போது அதைத் திறக்க வழியே இல்லை என்று தெரிகிறது, பொத்தான்கள் வெறும் அலங்காரம், கத்தரியால் வெட்டத்தான் வேண்டும். கடல் அவளை அவனுடைய நினைவிலிருந்து செய்திருக்கிறது. அவன் நினைவில் அந்த உடையின் நிறமும் சாயலும் இருந்தன, அது எங்கே திறக்கும் என்பது இல்லை. நாம் நேசித்தவர்களை எவ்வளவு அரைகுறையாக நினைவில் வைத்திருக்கிறோம் என்று அந்த ஒரு உடை என்னை உலுக்கிவிட்டது.

வாங்கும்போது கவனியுங்கள். பழைய ஆங்கிலப் பதிப்பு போலிஷ் மொழியிலிருந்து நேராக வரவில்லை, பிரெஞ்சு வழியாக வந்தது. 2011ல் பில் ஜான்ஸ்டன் நேரடியாக மொழிபெயர்த்தார். மனைவி பெயர் ரேயா என்றிருந்தால் பழையது, ஹேரி என்றிருந்தால் நேரடி.

இயற்பியல் பித்தன்

முழு நாவலுக்கு முன் ஒரு கதை கொடுத்துப் பார்க்கலாமே? டெட் சியாங்கின் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ (1998), ‘அரைவல்’ படத்தின் மூலக்கதை. ஒரு தாய் மகளிடம் பேசுகிறாள், மகளின் வாழ்க்கையை நினைவுகூர்கிறாள், ஆனால் வினைச்சொற்கள் எல்லாம் எதிர்காலத்தில் இருக்கின்றன. முதலில் இலக்கணம் தட்டுகிறது, வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தை அவள் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அது தட்டாமல் போகிறது. ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

மழைக்கால வாசகி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி.

சியாங் கதையை முதலில் கொடுத்தேன். முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் லெ குவின். பக்கம் புரட்டி சொன்ன மாதிரி ஆரம்பம் மெதுவாகப் போகும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நான்காம் நாள் “இந்தத் தூதன் எதைப் பார்த்தாலும் தப்பாகவே புரிந்துகொள்கிறான்” என்று கோபப்பட்டாள். கோபம் வந்துவிட்டது என்றதும் எனக்கு நிம்மதி. வெண்பலகை சொன்ன ‘அவர்’ விஷயத்தைச் சொன்னேன், அதன்பின் என்னிடம் பேசும்போதெல்லாம் அந்தப் பிரமுகரை அவர், அவர் என்றேதான் சொல்கிறாள்.

நேற்று இரவு போன் செய்தால் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு செய்தி மட்டும் வந்தது: “பனிமேல் இருக்கிறோம். நாளைக்குப் பேசுகிறேன்.”

பக்கம் புரட்டி

முடிக்கும்வரை எதுவும் சொல்லிவிடாதீர்கள். முடித்ததும் கேட்டால் ‘தி டிஸ்பொசெஸ்ட்’ கொடுங்கள், 1974, அதே ஆசிரியர், அதே பிரபஞ்சம், தனிக் கதை. ஆனால் உடனே வேண்டாம், ஒரு வாரம் விட்டுக் கொடுங்கள்.